டிஸ்க் போட வழியில்லாத கன்சோல் உண்மையிலேயே மலிவுதானா? ஐந்து வருடச் செலவுக் கணக்கு

வந்த புதிதில் கேம் கன்சோல் விலை அதிகமாக இருக்கும், இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் இறங்கிவிடும் என்பதுதான் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 2 வெளிவந்த 2000இல் அதன் விலை 299 டாலர். 2002இல் அது 199 ஆனது, 2009இல் 99 டாலருக்கே கிடைத்தது. 2013இல் 399 டாலராக இருந்த பிஎஸ்4, 2016இல் 299க்கு வந்துவிட்டது. பிஎஸ்5 விஷயத்தில் எல்லாம் தலைகீழ். 2020 நவம்பரில் 499 டாலர், 2025 ஆகஸ்ட் 21இல் அது 549 டாலர் ஆனது.

காரணம் ஒன்றல்ல. முன்பெல்லாம் சிப்பைச் சிறிதாக்கச் சிறிதாக்க அதன் தயாரிப்புச் செலவு பாதியாகும், அந்த மிச்சம் விலைக்குறைப்பாக வாங்குபவருக்கு வரும். இப்போது சிப் சிறிதானாலும் செலவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதன் மேல் 2025இல் அமெரிக்க இறக்குமதி வரிகள் வந்தன. அந்த வருடக் கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் மெமரி சிப் விலையும் எகிறியது. ஆகவே விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது இந்தத் தலைமுறை கன்சோல்களுக்குப் பொருந்தாது.

கீழே உள்ளவை அமெரிக்காவின் 2025 அக்டோபர் விலைகள். வரி சேர்க்கவில்லை, சென்ட் கணக்கை முழு டாலராக்கியிருக்கிறோம். அடைப்புக்குள் இருப்பது 2020 வெளியீட்டு விலை.

பிஎஸ்5, டிஸ்க் மாடல்: 550 (500)
பிஎஸ்5, டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன்: 500 (400)
எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், டிஸ்க் மாடல்: 650 (500)
எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், 512 ஜிபி: 400 (300)

இதைச் சதவீதமாக்கிப் பாருங்கள். டிஸ்க் பிஎஸ்5 ஏறியது 10 சதவீதம், டிஜிட்டல் ஏறியது 25. சீரிஸ் எக்ஸ் 30 சதவீதம், எல்லாவற்றிலும் மலிவான சீரிஸ் எஸ் 33. கையில் பணம் குறைவாக இருப்பவர் எதை வாங்குவாரோ, அதன் மீதுதான் பெரிய சுமை விழுந்திருக்கிறது. இதைவிட வருத்தமான விஷயம் இந்த விலைப்பட்டியலில் இல்லை.

டிஸ்க்கா, டிஜிட்டலா

2020இல் டிஸ்க் டிரைவை விட்டுக்கொடுத்தால் 100 டாலர் மிச்சம். 2025 அக்டோபர் விலையில் அதே தியாகத்துக்குக் கிடைத்தது 50 டாலர்தான். பிறகு மனம் மாறினால் தனியாக விற்கும் டிரைவை 80 டாலர் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம். அப்போது மொத்தம் 580, அதாவது முதலிலேயே டிஸ்க் மாடல் வாங்கியதைவிட 30 டாலர் கூடுதல். இந்தத் தனி டிரைவ் 2023 நவம்பர் முதல் வந்த ஸ்லிம் மாடலிலும் ப்ரோவிலும் மட்டுமே பொருந்தும். 2020இன் பழைய டிஜிட்டல் எடிஷனில் மாட்ட வழியே இல்லை. மாட்டியதும் ஒருமுறை இன்டர்நெட்டில் இணைத்துப் பதிவு செய்தால்தான் டிரைவ் வேலை செய்யும். வீட்டில் நெட் இல்லாதவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

உண்மையான வித்தியாசம் கேம் வாங்கும்போதுதான் தெரியும். வருடத்துக்கு நான்கு புதுக் கேம், ஒவ்வொன்றும் 70 டாலர் என்று வையுங்கள். ஐந்து வருடத்தில் 20 கேம், 1,400 டாலர். டிஜிட்டலில் கன்சோலோடு சேர்த்து 1,900. விளையாடி முடித்த கேமை என்ன செய்தாலும் அதில் ஒரு காசு திரும்பாது. டிஸ்க்கில் 20இல் 16ஐ முடித்த கையோடு சராசரி 30 டாலருக்கு விற்றால் 480 திரும்ப வரும். 550ஐயும் 1,400ஐயும் கூட்டி அதைக் கழித்தால் 1,470. 430 டாலர் மிச்சம். 50 டாலர் வித்தியாசத்தை முதல் இரண்டு டிஸ்க்குகளே ஈடுகட்டிவிடும். 30 டாலர் என்பது நாம் வைத்த அனுமானம், உங்கள் ஊர் மறுவிற்பனை விலையைப் போட்டுக் கணக்கிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: விற்பதை ஒரு மாதம் இரண்டு மாதத்துக்குள் விற்க வேண்டும். ஆன்லைன் கடையில் முதல் பெரிய தள்ளுபடி வந்த அன்றே பழைய டிஸ்க்கின் விலையும் சரிந்துவிடும்.

பொறுமை உள்ளவர் டிஜிட்டலிலும் பாதி விலைக்கு வாங்கலாமே என்று கேட்கலாம், அது சரிதான். 20 கேமும் 35 டாலருக்கு என்றால் மொத்தம் 1,200. ஆனால் அதே பொறுமை டிஸ்க் வைத்திருப்பவரிடமும் இருக்கலாம். அவர் பழைய டிஸ்க்கை 25க்கு வாங்கி 15க்கு விற்றால் ஒரு கேமுக்கு 10 டாலர்தான் செலவு, ஐந்து வருடத்துக்குக் கன்சோலோடு 750. இதன் பின்னணி எளிது. டிஸ்க்கைப் பத்துக் கடைகள் போட்டி போட்டு விற்கின்றன. டிஜிட்டல் கேமை விற்பது ஒரே கடை. 2019 ஏப்ரலில் சோனி முழுக் கேம்களுக்கான டவுன்லோட் கோடுகளை மற்றக் கடைகளில் விற்பதையும் நிறுத்திவிட்டது. ஒரே கடைக்காரர் வைத்ததுதான் விலை.

இன்னொரு லாபம்: டிஸ்க் பிஎஸ்5இல் பிஎஸ்4 டிஸ்க்குகளும் ஓடும். பழைய பிஎஸ்4 டிஸ்க் பல சல்லிசாகக் கிடைக்கின்றன, அவற்றில் சிலவற்றுக்கு பிஎஸ்5 பதிப்பு இலவசமாகவே வரும். அப்படி வாங்கிய பதிப்பை ஓட்டவும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். பிஎஸ்4 டிஸ்க் நிறைய வைத்திருப்பவர் டிஜிட்டல் எடிஷன் வாங்கினால் அந்த அலமாரி முழுவதும் வீண்.

சீரிஸ் எஸ்: சந்தாவில்தான் சூட்சுமம்

இதில் டிஸ்க் கிடையாது, விற்பனையே மாதச் சந்தா கட்டிப் பல கேம்களை ஆடும் கேம் பாஸை நம்பித்தான். 2019இல் மாதம் 15 டாலராக வந்த கேம் பாஸ் அல்டிமேட், 2023இல் 17, 2024இல் 20, 2025 அக்டோபரில் 30 டாலர். அந்த 2025 விலையில் ஐந்து வருடம் விடாமல் கட்டினால் 1,800. கன்சோலோடு 2,200. டிஸ்க் பிஎஸ்5இன் 1,470உடன் ஆன்லைன் சந்தாவான பிஎஸ் பிளஸ் எசென்ஷியலை அன்றைய விலையில் வருடம் 80 வீதம் சேர்த்தாலும் 1,870தான். 400 டாலர் பெட்டி 550 டாலர் பெட்டியைவிட விலை உயர்ந்ததாகிவிடுகிறது.

ஆனால் சந்தாவை விட்டு விட்டுக் கட்டினால் கதையே வேறு. பரீட்சை லீவில் இரண்டு மாதம் மட்டும் அல்டிமேட் போட்டு, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ரெக்கரிங் பில்லிங்கை வாங்கிய அன்றே ஆஃப் செய்துவிட்டால் அதே விலையில் வருடத்துக்கு 60 டாலர். ஐந்து வருடத்துக்குக் கன்சோலோடு 700. இந்த அலசலில் புதுக் கேம்களை வந்த அன்றே தொட இதைவிட மலிவான வழி இல்லை. பில்லிங்கை ஆஃப் செய்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை விளையாடலாம். பலர் இதை அறியாமல் கடைசி நாளுக்காகக் காத்திருந்து மறந்துவிடுகிறார்கள், அடுத்த மாதப் பணமும் போய்விடுகிறது. ஃபோர்ட்நைட் போன்ற இலவசக் கேம் மட்டும் ஆடும் பிள்ளைக்குச் சந்தாவே தேவையில்லை, எக்ஸ்பாக்ஸிலும் பிளேஸ்டேஷனிலும் அப்படித்தான். அந்த வீட்டுக்குச் சீரிஸ் எஸ்ஸே போதும்.

குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். 512 ஜிபி என்று போட்டிருந்தாலும் கேமுக்குக் கிடைப்பது 364 ஜிபிதான், பெரிய கேம் மூன்று போட்டாலே நிரம்பிவிடும். சாதாரண யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் புதுத் தலைமுறைக் கேம்களைச் சேமித்து வைக்கலாம், அங்கிருந்து ஓட்ட முடியாது. ஓட்ட இதற்கென்றே செய்த விரிவாக்க அட்டை வேண்டும், அது தனிச் செலவு. பிஎஸ்5இல் கணினிக் கடையில் கிடைக்கும் எம்.2 ஜென் 4 எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தையே மாட்டலாம். வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் கட்டாயம், மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டினால் மூடி மூடாது. சீரிஸ் எஸ்ஸில் மெமரியும் 10 ஜிபிதான். 2023இல் பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்குத் தாமதமாக வந்ததற்கும், சீரிஸ் எஸ்ஸில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி இல்லாமல் வெளிவந்ததற்கும் இதுவே காரணம்.

ஸ்விட்ச் 2, ஸ்டீம் டெக்

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 விலை 2025இல் 450 டாலர். ஆன்லைன் சந்தா வருடம் 20 டாலர்தான், அதில் நிம்மதி. கேம் விலைதான் அடி: மரியோ கார்ட் வேர்ல்டு 80 டாலர், நின்டெண்டோவின் சொந்தக் கேம்கள் தள்ளுபடிக்கு வருவதும் அபூர்வம். பழைய மைக்ரோ எஸ்டி அட்டையில் ஸ்விட்ச் 2 கேம் ஓடாது, எக்ஸ்பிரஸ் வகை வேண்டும். கேம்-கீ கார்டு என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் உள்ளே கேம் இல்லை, திறவுகோல் மட்டுமே. முழுவதையும் டவுன்லோட் செய்ய வேண்டும், ஆனாலும் டிஸ்க் போல மறுவிற்பனை செய்யலாம்.

கையில் பிடித்து ஆடும் ஸ்டீம் டெக் ஓலெட் 2025இல் 550 டாலர். ஆன்லைன் சந்தா கிடையாது, ஏற்கெனவே ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் கேம் வாங்கி வைத்திருப்பவருக்கு முதல் நாளே அவற்றில் பெரும்பாலானவை ஓடும். ஆனால் ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் இரண்டும் அதன் ஸ்டீம்ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடாது. வாங்கித் தருமுன் பிள்ளையிடம் அது என்ன விளையாடுகிறது என்று கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் வாங்குவோருக்கு

பிஎஸ்5 இங்கே 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கும் டிஜிட்டல் 39,990க்கும் வந்தன. 2022 நவம்பரில் இரண்டும் 5,000 ஏறின, 2024இல் வந்த ஸ்லிமும் அதே 54,990, 44,990தான். அந்த விலைகளில் இடைவெளி 10,000 ரூபாய். ஒரு டிஸ்க் 2,000க்கு விலைபோனால் ஐந்து டிஸ்க்கில் அது ஈடாகும். வருடத்துக்கு ஒரு கேம் மட்டும் வாங்குபவருக்கு டிஜிட்டலில் நஷ்டமில்லை. நண்பர்களுக்குள் டிஸ்க் மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களுக்கு எளிதில் போய்வர முடிந்தவர் டிஸ்க் மாடலையே எடுக்கலாம்.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர் வாங்கி வரும் பிஎஸ்5 டிஸ்க் இங்கே ஓடும், கேமுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. சிக்கல் டிஎல்சியில், அதாவது கேமுக்குப் பிறகு தனியாக வாங்கும் கூடுதல் பகுதிகளில். டிஸ்க் எந்தப் பிராந்தியத்துடையதோ, அந்தப் பிராந்தியக் கணக்கில் வாங்கிய டிஎல்சிதான் ஒட்டும். டிஎல்சிக்காகவே ஒரு கேமை வாங்குகிறீர்கள் என்றால் இந்திய டிஸ்க்காகப் பார்த்து வாங்குங்கள். நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பதில்லை, ஆகவே இங்கே கிடைக்கும் ஸ்விட்ச் 2க்குக் கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரன்டி.

பழைய பிஎஸ்5 வாங்கப் போகிறவர் ஒரு பிஎஸ்5 டிஸ்க்கும் ஒரு பிஎஸ்4 டிஸ்க்கும் கையில் கொண்டு போகட்டும். இரண்டையும் போட்டு இன்ஸ்டால் ஓடவிடுங்கள். 2020 மாடலில் டிஸ்க் டிரைவின் போர்டு அந்த மதர்போர்டோடு பிணைக்கப்பட்டது, வேறு கன்சோலின் டிரைவை அப்படியே மாட்டினால் படிக்காது. அடுத்து, உங்கள் கணக்கில் லாகின் செய்து பாருங்கள், தடை செய்யப்பட்ட கன்சோல் அங்கேயே பிழைச்செய்தி காட்டும். கனமான கேம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டுங்கள். சூடாகி அணைந்தால் தூசி அடைப்பாக இருக்கலாம். கன்சோலை யாரோ பிரித்திருந்தால், சிப்பின் மேல் சூட்டைக் கடத்தும் திரவ உலோகம் நகர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. எச்டிஎம்ஐ போர்ட்டின் உள்ளே டார்ச் அடித்து முள் எதுவும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக கன்ட்ரோலரை மேசையில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். கேமில் கேமரா தானாக நகர்ந்தால் ஸ்டிக்கின் உள்ளிருந்து அதன் நகர்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்துவிட்டது என்று பொருள். புதுக் கன்ட்ரோலரின் விலையைச் சொன்ன விலையில் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.