பெயர் ஒட்டாத ‘ஃபங்கஸ் மருந்து’ பாட்டிலை வாங்காதீர்கள்

சின்ன பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே கருநீலத் திரவம். லேபிளில் ஒரு மீன் படமும் ‘ஆன்டி ஃபங்கஸ்’ என்ற இரண்டு சொற்களும் மட்டும். உள்ளே இருப்பது என்ன மருந்து, எத்தனை சதவீதம், எப்போது தயாரித்தது, எப்போது காலாவதியாகும், யார் தயாரித்தது என்று ஒரு வரிகூடக் கிடையாது. சென்னையில் ஒரு வண்ணமீன் கடையில் இந்த பாட்டிலை விற்ற விதமும் அதனால் ஒரு தொட்டி மொத்தமாகக் காலியான விதமும்தான் இந்தப் பதிவு.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் வாங்கிய எட்டு கப்பிகளில் இரண்டுக்குச் செவ்வாய்க்கிழமை உதட்டில் வெள்ளை படர்ந்தது. போனில் படத்தைப் பார்த்த கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: “ஃபங்கஸ் சார். பத்து லிட்டருக்கு அஞ்சு சொட்டு விடுங்க, ஹீட்டரை முப்பத்திரண்டுல வைங்க, தொட்டியை முழுசா கழுவிட்டு ஊத்துங்க.” மூன்றும் அப்படியே செய்யப்பட்டன. வியாழக்கிழமை காலையில் ஒரு மீனும் மிஞ்சவில்லை. மறுபடி கேட்டபோது, “உங்க வீட்டுத் தண்ணி சரியில்லை” என்று பதில் வந்தது.

முதல் தவறு நோயிலேயே நடந்தது. உதட்டில் வெள்ளையாகப் படர்வது பெரும்பாலும் பூஞ்சையே அல்ல. அது காலம்னாரிஸ் எனப்படும் பாக்டீரியா நோய். ஃப்ளாவோபாக்டீரியம் காலம்னாரே என்ற கிருமி உண்டாக்குவது. பார்வைக்குப் பஞ்சு போல இருப்பதால் பழைய மீன் வளர்ப்பாளர்கள் ‘வாய்ப் பூஞ்சை’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் இன்றுவரை மீன்களைக் கொல்கிறது.

இரண்டையும் வெறும் கண்ணாலேயே ஓரளவு பிரித்தறியலாம். உண்மையான பூஞ்சைத் தொற்று (சாப்ரோலெக்னியா வகை, இதுவும் அறிவியல் கணக்கில் பூஞ்சை அல்ல, நீர்ப்பூசணம்) தண்ணீருக்குள் நீளமான பஞ்சு இழைகளாக விரிந்து ஆடும். மீனை வலையில் தூக்கினால் இழைகள் சரிந்து வழவழப்பாக ஒட்டிக்கொள்ளும். அடிபட்ட இடம், செதில் உதிர்ந்த இடம், மற்ற மீன் கடித்த துடுப்பு என்று ஏற்கெனவே புண் உள்ள இடத்தில்தான் பெரும்பாலும் பிடிக்கும். நாள் போகப் போக அழுக்கும் பாசியும் ஏறிப் பழுப்பாகவோ பச்சையாகவோ மாறும். பரவல் மெதுவானது, மார்கழிக் குளிரில் அதிகம் வரும். காலம்னாரிஸ் அப்படி அல்ல. உதட்டிலோ முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சேணம் போட்டது போலவோ சாம்பல் கலந்த தட்டையான வெள்ளைப் படலமாக வரும். ஓரத்தில் மஞ்சளோ சிவப்போ தெரியும், இழைகள் குட்டையாக இருக்கும். சூடான தண்ணீரில் வேகம் கூடும்; ஓரிரு நாளில் தொட்டி முழுக்கப் பரவிவிடும்.

இப்போது ஹீட்டரை 32 டிகிரியில் வைக்கச் சொன்னதன் விளைவு புரியும். அது வெள்ளைப் புள்ளி நோய்க்கான யோசனை. உப்புத் தூள் தூவியது போல உடல் முழுக்கத் தனித்தனிப் புள்ளி வரும் இக் நோய்க்கு, 30 டிகிரி வரை மெல்ல ஏற்றினால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று விரைந்து முடியும். மருந்து பிடிக்கக்கூடிய நீந்தும் பருவம் சீக்கிரம் வரும். காலம்னாரிஸ் உள்ள தொட்டியில் அதே சூடு கிருமிக்கு உரம். அங்கே ஹீட்டரை 24, 25க்கு இறக்கி, காற்றுக்கல்லை (தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் கல்) கூட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது சொட்டுக் கணக்கு. இதைத்தான் எல்லோரும் ஊன்றிப் படிக்க வேண்டும். கடைகளில் நீலமாகவோ பச்சை கலந்த நீலமாகவோ கிடைக்கும் மருந்து பொதுவாக மெத்திலீன் ப்ளூ, இல்லையென்றால் மாலகைட் க்ரீன். அடர்த்தியாக இருக்கும்போது பாட்டிலில் இரண்டும் கறுப்பாகத்தான் தெரியும். மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கு வேலை செய்ய லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வேண்டும். மாலகைட் க்ரீனோ லிட்டருக்கு 0.1 மில்லிகிராமே போதும். செதில் இல்லாத மீனுக்கும் டெட்ரா என்ற சிறு மீனுக்கும் அதிலும் பாதி.

பாட்டிலில் 1 சதவீதக் கரைசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. பத்து லிட்டருக்கு ஐந்து சொட்டு என்றால் கால் மில்லி, 2.5 மில்லிகிராம். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் வருகிறது. உள்ளே இருப்பது மெத்திலீன் ப்ளூ என்றால் இது வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான். தண்ணீருக்கு நிறம் வரும், நோய்க்கு ஒன்றும் ஆகாது. மாலகைட் க்ரீன் என்றால் இரண்டரை மடங்கு அதிகம். செவுள் வெந்து மீன் மேல்பரப்பில் வாயைப் பிளந்து நிற்கும். ஒரே பாட்டில், ஒரே சொட்டுக் கணக்கு. ஒரு பக்கம் பயனற்றது, மறுபக்கம் விஷம். பெயரும் சதவீதமும் இல்லாத மருந்துக்கு அளவு சொல்ல யாராலும் முடியாது, விற்றவரையும் சேர்த்துத்தான். மாலகைட் க்ரீன் கையில் படவும் கூடாது. உணவு மீன்களில் தடை செய்யப்பட்ட பொருள் அது.

தொட்டியின் கொள்ளளவிலும் ஏமாறுகிறோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி கணக்குக்குச் சுமார் 57 லிட்டர். மேலே விடும் இடைவெளியும் கூழாங்கல்லும் போனால் உண்மையில் 45 லிட்டர் இருந்தால் அதிகம். ‘அறுபது லிட்டர் தொட்டி’ என்று கடையில் சொன்னதை நம்பி ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போகும்.

தொட்டியை முழுசாகக் கழுவச் சொன்னது மூன்றாவது தவறு. பில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் குளோரினில் நல்ல பாக்டீரியா சாகும். அதன்மேல் மெத்திலீன் ப்ளூவைத் தொட்டியிலேயே ஊற்றினால் மிச்சமிருப்பதும் போகும். பிறகு மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை உடைக்க ஆளில்லை. நோயில் தப்பிய மீன் அம்மோனியாவில் சாகும், பழி ‘வீட்டுத் தண்ணி’ மேல் விழும். தொட்டியின் சிலிகான் ஓரங்கள் நீலமாகவே தங்கிவிடும் என்பது தனிக் கதை.

உண்மையான பூஞ்சைதான் என்று உறுதியானால் செய்ய வேண்டியது இது. 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தனி டப். கல், செடி, பில்டரில் போடும் கார்பன் (கரி) எதுவும் வேண்டாம், காற்றுக்கல் மட்டும். பழைய தொட்டித் தண்ணீர் பாதி, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீர் பாதி. உப்பு லிட்டருக்கு 3 கிராம், ஆக 60 கிராம். கல் உப்போ சமையல் உப்போ, எதுவும் சரி. அயோடின் உப்பு மீனைக் கொல்லும் என்பது கடைப் பேச்சு. கரண்டியால் அளக்காதீர்கள், கல் உப்பு கரண்டிக்குக் கரண்டி மாறும், தராசில் நிறுங்கள். கரைத்து, முதலில் 30 கிராம், 12 மணி நேரம் கழித்து மீதி. கோரி கேட்ஃபிஷுக்கு மொத்தமே 30 கிராம் போதும். லேபிளில் 1 சதவீதம் என்று எழுதிய மெத்திலீன் ப்ளூ 6 மில்லி, ஊசி போடாத சிரிஞ்சால் அளந்து. தினமும் 5 லிட்டர் எடுத்துவிட்டு, 15 கிராம் உப்பும் 1.5 மில்லி மருந்தும் கலந்த 5 லிட்டர் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, தண்ணீர் வற்றிய இடத்துக்கு வெறும் தண்ணீரே போதும். பஞ்சு உதிர்ந்த பிறகும் இரண்டு மூன்று நாள் தொடருங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் புண் எதனால் வந்தது என்று பார்க்காமல் பழைய தொட்டியில் விட்டால் திரும்பவும் வரும்.

காலம்னாரிஸ் என்றால் உப்பு வேகத்தைக் குறைக்கும், குணமாக்காது. ஆன்டிபயாடிக் வேண்டும்; அது கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டியது. மஞ்சள் நிறப் பொடியாகப் பொட்டலம் கட்டி விற்கும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சென்னையின் உவர்ப்பான போர் தண்ணீரில் கலந்தால், தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைக் கட்டிப்போட்டுவிடும். தண்ணீர் மட்டும் பழுப்பாகும். காசு போனதோடு, அரைகுறை அளவில் கிருமிக்கு எதிர்ப்பு பழகவும் வழியாகும்.

துடுப்பில் காலிஃப்ளவர் போலக் கெட்டியான வெள்ளை முடிச்சு இருந்தால் அது லிம்ஃபோசிஸ்டிஸ், வைரஸ் நோய். எந்த பாட்டிலும் அதற்கு உதவாது. தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் பெரும்பாலும் தானாகவே குறையும். ஊசியால் சாயம் ஏற்றி விற்கும் கண்ணாடி மீன்களில் இதைப் பார்க்கலாம். அந்த மீன்களையே வாங்காதீர்கள். அந்த வியாபாரம் நிற்க வேறு வழியில்லை.

சென்னை கொளத்தூர் மாதிரி வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் அவசரப்பட வேண்டியதில்லை. மீன் எந்த நாள் வந்திறங்கியது என்று கேளுங்கள். நேற்று வந்தது என்றால் ஒரு வாரம் கழித்து வாருங்கள். உதட்டையும் வால் நுனியையும் பாருங்கள். ஒரே தொட்டியில் ஒன்று செத்து மிதந்தாலும், ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் விட்டாலும், எல்லாத் தொட்டிக்கும் ஒரே பில்டர் தண்ணீர் சுற்றினாலும் நகர்ந்துவிடுங்கள். வாங்கி வந்ததைக் குறைந்தது இரண்டு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள், அதற்கென்று தனி வலையோடு.

பில் கேளுங்கள், தர மாட்டேன் என்றால் அங்கே மருந்து மட்டுமாவது வாங்காதீர்கள். கவரைப் பிரிக்கும் முன் மீன்களைப் படமெடுங்கள், பாட்டிலின் எல்லாப் பக்கத்தையும் எடுங்கள். மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாமல் விற்றதற்கு அந்தப் படமே சாட்சி. பணம் சிறிது என்று விடாமல், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். ஏற்கெனவே வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருந்தால் இனி ஒரு சொட்டும் தொட்டியில் விடாதீர்கள். சாக்கடையிலும் ஊற்றாமல், மூடியை இறுக்கி, பில்லோடு எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது கையில் இருக்க வேண்டிய பொருள் அது.