இபே ஏலத்தில் சப்பாத்து: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வாங்குகிறவர்களுக்கு

கால் பெரியது, யூகே 12-க்குக் குறைந்து எதுவும் ஏறாது என்பவர்களுக்கும், கடைகள் நிறுத்திவிட்ட பழைய மாடலைத் தேடுகிறவர்களுக்கும் இபே (eBay) என்ற இணையச் சந்தையின் ஏலம் நல்ல வழி. பள்ளிக்கூடத்துக் கறுப்புச் சப்பாத்துக்கு அது வேண்டாம். அனுப்பும் செலவிலேயே பட்டணத்துக் கடையில் ஒரு ஜோடி கிடைத்துவிடும்.

முதலில் கால் அளவு. சாயங்காலம், கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில், சுவரோரம் தாளை விரித்துக் குதிகாலைச் சுவரில் ஒட்டி நில்லுங்கள். நீளமான விரலுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டு செ.மீ. எடுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதையே கணக்கில் வையுங்கள். யூகே எண்ணை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்: ஆண்கள் யூகே 8 நைக்கியில் யூஎஸ் 9, 27 செ.மீ.; அடிடாஸில் யூஎஸ் 8.5, 26.5 செ.மீ. சப்பாத்தின் நாக்குப் பகுதியின் உள்ளே இருக்கும் சிறு துணிச் சீட்டைப் படமெடுத்து அனுப்ப விற்பனையாளரிடம் சொல்லுங்கள். அளவும் மாடல் எண்ணும் அதில் இருக்கும். அந்த மாடல் எண் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் விலகிவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அடிப்பாகத்தில்தான். "புதுசு, ஒரு தடவைகூடப் போடவில்லை" என்ற வரியைப் பார்த்ததும் மனம் இளகிவிடுகிறது. நைக்கியின் ஜோர்டான் 3, 4 போன்ற மாடல்களில் நடுப்பாகம், அதாவது காலுக்கும் தரையைத் தொடும் அடிக்கும் இடையிலுள்ள மெத்தை, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. காற்றின் ஈரம் அதை உள்ளுக்குள் மெல்ல மெல்ல அரிக்கும். பெட்டிக்குள் பத்து ஆண்டு சும்மா கிடந்த ஜோடி வெளியே பளபளவென்று இருக்கும். போட்டு நாலு எட்டு வைத்ததும் காய்ந்த ரொட்டியாய் உதிரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆகவே தயாரித்த ஆண்டைக் கேளுங்கள். நடுப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தியும் முன்பக்கத்தை வளைத்தும் ஒரு வீடியோ கேளுங்கள். பசை விட்டிருந்தால் செருப்பு தைப்பவர் ஒட்டித் தருவார். உதிர்ந்ததை ஒட்ட முடியாது, அடியையே மாற்ற வேண்டும்.

ஏலத்தில் உங்கள் உச்சவரம்பை ஒரே தடவை போட்டுவிடுங்கள். அதற்குள் தேவையான அளவுக்கு மட்டும் இபேயே உங்களுக்காகக் கூட்டிக் கேட்கும். நீங்கள் 250 ரிங்கிட் போட்டு, அடுத்தவர் 180-இல் நின்றால் 180-க்குச் சற்று மேலே உங்களுக்கு விழும். கடைசி நிமிடச் சூட்டில் கூட்டிக்கொண்டே போவதுதான் பணத்தைக் கரைக்கிறது.

அந்த 250-க்குள் அனுப்பும் செலவையும் சேர்த்து யோசியுங்கள். நிறையக் கூரியர்கள் எடையோடு பெட்டியின் பருமனையும் பார்க்கின்றன: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 35, 21, 13 என்றால் 1.9 கிலோ, சப்பாத்தின் நிஜ எடை அதைவிடக் குறைவாக இருந்தாலும் காசு 1.9-க்குத்தான். 2024 ஜனவரி முதல், இணையத்தில் வாங்கி இறக்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு வரி உண்டு. அதற்கு மேல் போனால் சுங்கக் கணக்கு வேறு.

பணத்தை இபேக்குள்ளேயே கட்டுங்கள். "வெளியே அனுப்பு, குறைத்துத் தருகிறேன்" என்றாலும், பேபால் என்ற இணையப் பணச் சேவையில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையைக் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அப்படிக் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. மலேசியாவுக்கு அனுப்பாத விற்பனையாளரிடம் பொட்டலத்தை வாங்கி நமக்கு அனுப்பிவைக்கும் இடைமுகவரின் முகவரி கொடுத்து வாங்குவதும் ஆபத்து: பொருள் அந்த முகவரியிலிருந்து இங்கே கிளம்பியதும் பணத்தைத் திருப்பித் தரும் இபே உத்தரவாதம் போய்விடும். இபேயில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

லயத்து வீட்டுக்கு வரவழைப்பவர்கள் தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண், அஞ்சல் குறியீடு 31100, கைப்பேசி எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். தோட்டத்துக்குள் வழி தெரியாமல் பொட்டலம் திரும்பிப் போகலாம். பட்டணத்தில் தெரிந்தவர் கடை இருந்தால் அந்த முகவரியே மேல்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஆரம்பம் முதல் வீடியோ எடுங்கள். சிமெண்ட் தரையில் நடந்து பார்க்க வேண்டாம், பாயில் நின்று பாருங்கள். சொன்னதற்கு மாறாக இருந்தால் கிடைத்த 30 நாளுக்குள் இபேயிலேயே திருப்பி அனுப்பும் கோரிக்கை போட வேண்டும். விற்பனையாளருக்கு 3 வேலை நாள் அவகாசம். அதற்குள் தீர்க்கவில்லை என்றால் இபேயைத் தலையிடச் சொல்லலாம். "அடுத்த வாரம் பார்க்கிறேன்" என்று அவர் இழுத்தடித்தாலும் அந்த 30 நாள் உங்களுக்காக நிற்காது.