15 வருஷமாக மாறாமலை ஏறும் ஆர்எக்ஸ் 100

மலை ஏறி முடித்ததும் நான் செய்கிற முதல் வேலை, தோட்டத்து ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. முனை பால் சாயா நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. கட்டன்சாயா மாதிரி கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் கூடிவிட்டது. வெளுத்துக் கிடந்தால்தான் பயப்பட வேண்டும். காற்று கூடி, சூடு ஏறி, பிஸ்டன் எந்த நேரமும் பிடித்துக்கொள்ளும். தோட்டத்துக் காவல்கார அண்ணன் நிஜமான கட்டன்சாயாவோடு வந்து, "இன்னிக்கு என்ன சாயா குடிச்சிருக்கு உன் வண்டி?" என்று கேட்பார்.

வண்டி 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. 2010இல் பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். விற்றவரே, "இத வச்சு மலை ஏறப் போறியா மக்கா?" என்று கேட்டார். மாமனார் வழியில், கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்புத் தோட்டம் ஒன்றில் எங்களுக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு. தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறை, அங்கிருந்து எஸ்டேட் ரோடு. ரோடு என்பது மரியாதைக்குச் சொல்வது. பழைய தார் அங்கங்கே திட்டாகக் கிடக்கும், மீதியெல்லாம் சல்லியும் உருளைக் கல்லும். மழை பெய்தால் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, அதனால் சோப்புக்குப் பஞ்சமே இல்லை. மாசி வாக்கில் கீழே ரப்பர் மரங்கள் இலை உதிர்த்திருக்கும். காய்ந்த சருகு கல்லை மூடிவிடும், எது குழி, எது கல் என்று தெரியாது. கிராம்பு பறிக்கிற காலமும் கிட்டத்தட்ட அதுதான்.

எஞ்சின் 98 சிசி, கம்பெனிக் கணக்கில் 11 குதிரைத் திறன், வண்டி எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எடைக்கும் பலத்துக்கும் உள்ள இந்தக் கணக்கால்தான் 1996இல் தயாரிப்பை நிறுத்திய வண்டியை இன்றும் ஜனம் தேடி அலைகிறது. ஆனால் அந்த 11 குதிரையும் கிடைப்பது எஞ்சின் நிமிஷத்துக்கு 7500 சுற்றுச் சுற்றும்போது. மலையில் அந்தச் சுற்றுக்குப் போக எங்கே இடம்? இதை நான் ஒரு பிஸ்டன் செலவு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

2011இல் ஒரு பட்டறையில் கொடுத்து வண்டியை "ட்யூன்" பண்ணினேன். பெட்ரோல் கலவையும் புகையும் போய்வரும் வாசலான சிலிண்டர் போர்ட்டைத் தேய்த்துப் பெரிதாக்கினார்கள், வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்ஸர் போட்டார்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினார்கள். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து உள்ளே போக வேண்டும்; அதைத் தானாக ஊட்டும் ஆயில் பம்பையும் கழற்றிவிட்டார்கள். "பம்ப் கெட்டா எஞ்சின் போயிரும், பெட்ரோல்ல கலந்து ஊத்துங்க" என்று யோசனை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆரல்வாய்மொழி பக்கம், காற்றாலைகளுக்கு நடுவில் நேர் ரோட்டில் முறுக்கிப் பார்த்தேன். பறந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினேன்.

அடுத்த வாரம் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே மானம் போயிற்று. அந்த மாதிரி சைலன்ஸருக்குள் புகையின் அழுத்த அலை போய்த் திரும்பி வரும். திரும்பி வரும் நேரம் சரியாக அமைந்தால், வெளியே ஓடப் பார்க்கிற புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளும், பலம் கூடும். அந்த நேரம் சரியாக அமைவது ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும். எனக்குப் போட்டது உயர்ந்த சுற்றுக்கு. கீழ்ச்சுற்றில் முன்பு இருந்த இழுவையும் போய்விட்டது. வளைவில் வேகம் குறைந்ததும் எஞ்சின் இருமும், முறுக்கினால் சட்டென்று பிடித்து பின்சக்கரம் கல்லை வாரி இறைக்கும். நிற்கும், அல்லது பாயும். நடுவில் ஒன்றும் இல்லை.

அதையும் சகித்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன். செலவு செய்த காசு ஒப்புக்கொள்ள விடவில்லை.

2012இல், பின்னால் கிராம்பு மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தேன். நீளமான இறக்கம். பிரேக்கைச் சூடாக்க வேண்டாமே என்று இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு வண்டியை உருளவிட்டேன். நாலு சக்கர வண்டிக்கு அது நல்ல பழக்கம். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக்குக்கு அது விஷம். ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் பெட்ரோல் போகாது, பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. எஞ்சின் மட்டும் வறண்டு கிர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும். "கிறீச்" என்று ஒரு சத்தம், பின்சக்கரம் பூட்டினதுபோல் நின்றது, வண்டி பக்கவாட்டில் வழுக்கி ஓடைப் பக்கம் போய்ப் படுத்தது. முழங்கை தோல் உரிந்தது. மூட்டை வாய் பிரிந்து கிராம்பு ரோடெல்லாம் சிதறியது. உட்கார்ந்து பொறுக்கும்போது வலியைவிட வாசனைதான் தூக்கலாக இருந்தது. இன்றைக்கும் அந்த சீட்டில் மழை ஈரம் பட்டால் கிராம்பு மணக்கும்.

நாகர்கோவில் லேத்தில் சிலிண்டரைத் திறந்தபோது, பிஸ்டனின் புகைவாசல் பக்கம் ஆணியால் கீறினதுபோல் நெட்டுக்குக் கோடுகள், நடுவில் அலுமினியம் உருகித் தேய்த்த பளபளப்பு. லேத்துக்காரர் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகமாக உறைத்தது.

அதோடு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். பழைய அளவுப் போர்ட் உள்ள வேறு சிலிண்டர் தேடிப் பிடித்து, ஒரு படி பெரிய பிஸ்டன் பொருந்தும்படி (முதல் ஓவர்சைஸ்) உள்ளே போர் அடித்து, கம்பெனி சைலன்ஸர், கம்பெனி ஜெட். ஆயில் பம்பும் மறுபடி ஏறியது. பம்ப் எஞ்சின் சுற்றோடு சேர்ந்து ஓடுவது. ஆக்சிலேட்டர் மூடியிருந்தாலும் கொஞ்சமாவது ஆயில் கொடுத்துக்கொண்டிருக்கும். பம்பைக் கழற்றச் சொல்கிறவர்கள் யாரும் மலை இறங்கிப் பார்த்தவர்கள் இல்லை என்பது என் அபிப்பிராயம். இப்போதும் நீள இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து இரண்டு முறுக்கு முறுக்கிவிடுவேன். பின்னால் வருகிறவன் நான் படம் காட்டுகிறேன் என்று நினைப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் என்னதான் ட்யூனிங் என்று கேட்டால், அதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. சித்தி மகன் கனடாவில் இருக்கிறான். அங்கே மலைப் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வீடியோவை அனுப்பினான். 850 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் நீள ரப்பர் பட்டை. பட்டையில் மூன்று இஞ்சு உயரத்துக்குத் துடுப்பு மாதிரி பற்கள். புதுப்பனியில் அது நீந்துகிறது என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது வேறொன்று. உயரம் போகப்போகக் காற்று மெலிந்து, ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் என்று எஞ்சின் பலம் குறையும். அதற்கு அவர்கள் எஞ்சினைக் குடைவதில்லை. பெல்ட் கிளட்சுக்குள் இருக்கும் எடைகளை லேசானதாக மாற்றிப் போடுகிறார்கள். இருக்கிற பலத்தை எஞ்சின் தன் நல்ல சுற்றிலேயே வைத்து இழுக்கட்டும் என்பதுதான் கணக்கு. நம் வண்டியில் அந்த வேலையைச் செய்வது செயின் ஓடும் பல்சக்கரம், அதாவது ஸ்பிராக்கெட்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தேன். அவ்வளவுதான். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் இரண்டு மூன்று பல் கூட்டுவதற்குச் சமம், செலவும் குறைவு. முதல் கியரில் கிளட்சைத் தேய்க்காமல் நடை வேகத்தில் ஏறுகிறது. கொண்டை ஊசியில் இரண்டாவது கியரே போதும். போர்ட்டிங்குக்குக் கொட்டிய காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நாகர்கோவில் போகும்போது நாலாவது கியரில் எஞ்சின் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும், ஐந்தாவது கியரைத் தேடிக் கால் தானாகப் போகும். இந்த வண்டியில் அது கிடையாது. மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும். எனக்குப் பரவாயில்லை.

கார்புரேட்டர் விஷயத்திலும் முன்பு கொஞ்சம் ஆடினேன். மேலே போனால் கலவையில் பெட்ரோல் கூடும், பிளக் கறுக்கும் என்று அதற்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பை ஒரு கோடு மேலே ஏற்றிப் போடுவேன். கிளிப் ஏறினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். மேலே அருமையாக ஓடும். கீழே இறங்கியதும் மறுபடி மாற்ற மறந்தால் பிளக் வெளுக்கும், அதாவது மறுபடி லேத்துக்காரரிடம் போக வேண்டி வரும். இரண்டு தடவை மறந்தேன். இப்போது கீழ் நாட்டுக்குச் சரியான செட்டிங்கிலேயே விட்டுவிடுகிறேன். மேலே கொஞ்சம் கறுத்தால் பிளக்கைத் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

டயரில் ஒரு படிப்பினை. கல் ரோட்டில் பிடிப்பு வேண்டும் என்று காற்றை நன்றாக இறக்கி ஓட்டினேன். பிடிப்பு கிடைத்தது. ஆனால் இது ட்யூப் டயர். காற்று குறைந்தால் டயர் ரிம்மில் நழுவும், ட்யூபையும் சேர்த்து இழுக்கும், வால்வு அடியோடு கிழியும். காட்டு ரோட்டில் ஒரு மாலை முழுக்க வண்டியைத் தள்ளியவன் சொல்கிறேன். வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே தளர்த்தி விட்டுவையுங்கள். வால்வு சாய்ந்து நின்றால் ட்யூப் நகர்கிறது என்று கண்ணிலேயே தெரியும்.

பிரேக் இந்த வண்டியின் பலவீனம் என்பதில் சந்தேகமே இல்லை. இரண்டு பக்கமும் டிரம். டூ ஸ்ட்ரோக் ஆனதால் எஞ்சின் பிடித்து நிறுத்துவதும் குறைவு. ஓடை கடந்தால் டிரம்முக்குள் தண்ணீர் புகும், அடுத்த வளைவில் லீவரைப் பிடித்தால் வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஓடை தாண்டியதும் சமதளத்திலேயே பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைப்பது வழக்கமாகிவிட்டது.

எடை குறைவு என்பதன் அருமை 2017 நவம்பர் 30 கழிந்துதான் முழுசாகத் தெரிந்தது. ஒக்கிப் புயல் ரப்பர் மரங்களை வேரோடு சாய்த்துப் போட்டிருந்தது. மின்சாரம் இல்லை, வழி இல்லை. நானும் மச்சானும் வண்டியை முன்னும் பின்னும் பிடித்து மரத்துக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கம் இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி தூக்கி, அப்படித்தான் போனோம். பெரிய வண்டிக்காரர்கள் கீரிப்பாறையிலேயே நின்றுவிட்டார்கள்.

யானைப் பயத்துக்கும் இதே எடைக்குறைவு உதவும். ரோட்டில் பச்சைச் சாணி ஆவி பறக்கக் கிடந்தால் மேலே போவதில்லை. சைடு ஸ்டாண்டைப் போட்டு, வண்டியை அதன்மேல் சாய்த்து, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பிவிடலாம். 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டுயானையைப் பிடித்து மேல்கோதையாறு பக்கம் கொண்டுவந்து விட்டபோது, அது இருந்த காடு எங்கே, எங்கள் தோட்டம் எங்கே! ஆனாலும் தினம் வீட்டிலிருந்து மூன்று போன் வரும். வேறொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இந்த மலைக்காடு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் சார்ந்தது. தோட்டக்காரர்கள் என்பதால்தான் எங்களுக்குப் போய்வர வழி. வண்டி ஓட்டிப் பார்க்க மட்டும் யாரும் கிளம்பி வர வேண்டாம்.

இன்று ஒருவர் இந்த வண்டியை வாங்கலாமா? மலை வேலைக்கு என்றால் யோசிக்கச் சொல்வேன். கேட்கிற விலைக்கு உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று தெரியாது. உதிரிப் பாகம் கிடைக்கிறது, ஆனால் அசலா போலியா என்று பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றை) 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க அலைய வேண்டும். புகையும் உண்டு, ஆயில் அளவைச் சரியாக வைத்தால் குறைவுதான். என்னிடம் யாராவது விலை கேட்டால், ஆர்.சி. அலைச்சலைத்தான் முதலில் விவரமாகச் சொல்வேன். அதற்குள் அவர்களே போய்விடுவார்கள்.

இப்போது முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது. கிராம்புப் பறி தொடங்குவதற்குள் சீல் மாற்ற வேண்டும். கூடவே செயினும் தளர்ந்திருக்கிறது. புதுச் செயின் போடும்போது பின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டிப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு. மச்சான் வேண்டாம் என்கிறான்.