மொட்டைமாடியா, தரவையா? ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் 100 வீட்டுக்கு ஒரு சூரிய மின்சாரக் கணக்கு

ஒரு குடியிருப்பு ஆண்டு முழுக்கச் செலவழிப்பதைவிடக் கூடுதலாகச் சூரிய மின்சாரம் எடுக்க வேண்டுமென்றால், பேனலை மொட்டைமாடியில் போடுவதா, தரவையில் (ஊரை ஒட்டிய திறந்த தரிசு நிலத்தில்) போடுவதா என்று கேட்கும் முன் முதலில் செலவை ஒளிக்காமல் எழுத வேண்டும். 100 வீடு, வீட்டுக்கு இரு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். நாளுக்கு 54,000 லிட்டர் கடல்நீரைச் சுத்திகரித்தால், ஆயிரம் லிட்டருக்கு 4 யூனிட் வீதம் இன்னொரு 79,000. கேஸை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால் சிலிண்டருக்கு ஏறக்குறைய 100 யூனிட். ஆண்டுக்கு 8 சிலிண்டர் கணக்கில் 80,000. ஆக 4.59 லட்சம். இந்த வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். 315 கிலோவாட்டுக்கு மேல் போட்டால்தான் மிச்சம். பல திட்டங்கள் தண்ணீரையும் அடுப்பையும் கணக்கு எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டு 'உபரி' காட்டும்.

மாடியில் என்றால் வீட்டுக்கு 550 வாட் பேனல் ஆறு, நிழல் விழாத 330 சதுர அடி. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கும். பேனலை 10 பாகை சாய்த்துத் தெற்குப் பார்த்து வைத்தால் மழையே பாதி கழுவிவிடும்.

எமன் உப்புக்காற்றுதான். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் சாதா போல்ட்டு ஒரே ஆண்டில் செம்பழுப்பாகிவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் எஃகும் கறை பிடிக்கும், 316 ரகம் கேளுங்கள். கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) கம்பியைத் தளத்தில் அறுத்தால் அறுத்த முனையிலிருந்தே துரு ஏறும். போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். வீட்டுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும்.

மாடித் திட்டம் தடுக்கி விழுகிற இடம் டிரான்ஸ்ஃபார்மர். நண்பகலில் வீடுகள் 50 கிலோவாட் இழுத்தால் மீதி 280 லைனுக்குத் திரும்பும். 100 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி அதைத் தாங்காது. லைன் கடைசியில் மின்னழுத்தம் 253 வோல்ட்டைத் தாண்ட, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் உச்சி வெயிலில் நின்றுவிடும். 250 கேவிஏ இரண்டை வீடு கட்டும் முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

தரவையில் போட்டால் ஒன்றரை ஏக்கர் போதும், பராமரிப்பு ஒரே இடத்தில். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். இன்வெர்ட்டரை மேடையில் ஏற்றணும். வேரோடு தோண்டாத சீமைக்கருவேலம் மறுபடி துளிர்த்து நிழல் போடும். கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்கணும். அங்கே வரும் யூனிட்டை வீடுவீடாகப் பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்காமல் நிலம் பேசக் கூடாது.

கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் போல எங்கோ இருக்கும் நிலையத்தில் பங்கு வாங்குவது மூன்றாவது வழி. காகிதத்தில் உபரி வரும், குடியிருப்பில் ஒன்றும் மாறாது.

எங்கள் வாக்கு மாடிக்கே, ஒரு நிபந்தனையோடு. சுத்திகரிப்பு மோட்டாரைக் காலை 10 முதல் 3 மணிக்குள் ஓட்டுங்கள். நாளுக்கு 216 யூனிட், அதாவது 43 கிலோவாட், லைனுக்குப் போகாமல் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீராக நிற்கும். அந்தத் தொட்டி இரண்டு நாள் தண்ணீர் பிடிக்கட்டும்: புயலில் லைன் அறுந்தால் பேட்டரி இல்லாத மாடி பேனலும் சேர்ந்தே அணைந்துவிடும்.