முட்டித் தேய்மானத்துக்கு மெஷினா, பயிற்சியா, ஊசியா?

அம்மாவின் முட்டிக்காக ஒரு பிசியோ கிளினிக்குக்குப் பத்து நாள் போனோம். ஈரப் பட்டைகளை முட்டியைச் சுற்றிக் கட்டி ஐ.எஃப்.டி (வலி குறைய லேசான மின்சாரம் பாய்ச்சும் மெஷின்), அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். சுகமாகத்தான் இருந்தது, ராத்திரிக்குள் வலி திரும்பிவிடும். ஒரு நாள்கூட அம்மாவை நிற்க வைத்துப் பார்க்கவில்லை, அதுதான் என் கோபம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானத்துக்கு ஐ.எஃப்.டி, அல்ட்ராசவுண்ட், டென்ஸ் (இதுவும் தோல் வழியாக மின்சாரம் பாய்ச்சுவதுதான்) எதுவும் வேண்டாம், பலனுக்குப் போதிய ஆதாரமில்லை என்கிறது.

பயிற்சிக்கு இந்தச் சுகம் கிடையாது. ஆனால் முட்டித் தேய்மானத்தோடு வரும் தள்ளாட்டத்துக்கு அதுதான் வழி. வலியும் நீர்க்கோப்பும் உள்ள முட்டி, தொடையின் முன்தசையை முழுசாக இறுக விடாது. வலிக்கிறதே என்று நடையைக் குறைத்தால் தசை இன்னும் இளைக்கும், அப்புறம் படி இறங்கும்போது கால் சட்டென்று மடங்கும். படுத்துக்கொண்டு மெஷின் வைப்பதால் இது மாறாது. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து 5 விநாடி அழுத்துவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, இவ்வளவுதான். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் அம்மா காலை ஊன்றிவிட்டார். இப்போது பால் பொங்கும்வரை நிற்கிறார், காலை மாற்றி மாற்றித்தான்.

ஸ்டீராய்டு ஊசி? வலி சீக்கிரம் அடங்கும், சில வாரங்களுக்கு. 2020-இல் அமெரிக்காவில் 156 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஓராண்டு கழித்து வலி, விறைப்பு, நடமாட்டம் சேர்ந்த மதிப்பெண் பிசியோ எடுத்தவர்களுக்கு 37, ஊசி போட்டவர்களுக்கு 55.8 (குறைந்தால் நல்லது). அங்கே பிசியோ என்றால் பயிற்சியும் கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பதும்.

தாய் சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி வலிக்கும் நல்லது, தள்ளாடாமல் நிற்பதற்கும் நல்லது; ஆனால் எங்கள் பக்கம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கைத்தடியை வலிக்காத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும், பாதிப் பேர் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள்.

என் ஓட்டு பயிற்சிக்கு. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே விழுந்தவர் என்றால் ஒற்றைக் கால் பயிற்சியின்போது பக்கத்தில் ஆள் நிற்கட்டும்.