“கேஸ் போயிடுச்சு” என்றவரை நம்பி ஏமாந்தேன்: கடையில் பெரிய ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் நின்றால் அன்றைய வியாபாரமே நின்றுவிடும் என்ற நிலையில் தொழில் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்து ஒரு மாதம் ஆகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை.

ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தால் நான்கு கதவு ஃப்ரிட்ஜின் டிஸ்ப்ளேயில் 14 டிகிரி. வழக்கமாக 3, 4-ஐத் தாண்டாது. உள்ளே இரண்டு நாள் சரக்கு. பதற்றத்தில் போனை எடுத்து ஃப்ரிட்ஜ் கம்பெனியின் பெயரோடு சர்வீஸ் என்று போட்டுத் தேடினேன். முதலில் வந்த எண்ணையே அழைத்தேன், அது விளம்பரம் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம், 24 மணி நேரமும் வருவோம் என்று போட்டிருந்தது. எடுத்தவர் முகவரியை மட்டும் கேட்டார். என்ன மாடல், கம்ப்ரசர் ஓடுகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, ஏதாவது சத்தம் வருகிறதா, ஒன்றுமே கேட்கவில்லை. வேலை தெரிந்தவர் போனிலேயே இதையெல்லாம் கேட்பார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, யாராவது வந்தால் போதும் என்றிருந்தது.

வந்தவர் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, பின்னால் இருந்த குழாயைத் தொட்டுப் பார்த்து “கேஸ் போயிடுச்சு சார்” என்றார். மீட்டர் வைக்கவில்லை, கீழே இருக்கும் கிரில்லைக் கழற்றவில்லை. எங்கே லீக் என்று கேட்டதற்கு, நாளாக நாளாகக் கேஸ் குறையத்தான் செய்யும் என்று சொன்னார். இது சுத்தப் பொய். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, எரிபொருள் மாதிரி தீர்ந்துபோவது இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும். அதுவும் நேம் பிளேட்டில் (மெஷினில் ஒட்டியிருக்கும் விவரத் தகடு) எத்தனை கிராம் என்று இருக்கிறதோ அதைத் தராசில் எடைபோட்டு. இவர் வெறுமனே ஒரு ஹோஸை மாட்டி, லேபிள் கிழிந்த சிலிண்டரிலிருந்து இருபது நிமிடத்தில் ஏற்றிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பில்லில் முகவரி இல்லை, எந்தக் கேஸ், எவ்வளவு என்பதும் இல்லை.

குளிர் வந்தது. அதனால்தான் நம்பினேன். சரியாக ஒன்பதாம் நாள் மறுபடியும் அதே கதை, இந்த முறை சில நிமிடத்துக்கு ஒருமுறை “டிக்” என்று ஒரு சத்தம் வேறு. அதே ஆள் வந்தார். கம்ப்ரசரே போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும், பாதிப் பணம் கொடுத்தால் நாளைக்கே கொண்டு வருகிறேன் என்றார். கொடுத்தேன். மறுநாள் வரவில்லை. இரண்டு நாள் “வந்துட்டே இருக்கேன்”, மூன்றாம் நாளிலிருந்து போன் எடுக்கவில்லை. 5 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் கிடந்ததை விற்க எனக்கு மனம் வரவில்லை, மொத்தச் சரக்கையும் கொட்டினேன். பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

பக்கத்தில் கடை நடத்தும் ஒரு அண்ணன், அவருடைய மெஷின்களை வருடக் காண்டிராக்ட்டில் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனை அனுப்பிவைத்தார். அவர் முதல் வேலையாகக் கீழே கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். சூட்டை வெளியே தள்ளும் குழாய்ச் சுருளான கண்டென்சர் காயில் முழுக்கத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கம்பளி மாதிரி அடைத்திருந்தது. அதை நான் மாதாமாதம் சுத்தம் செய்திருக்க வேண்டும், அது என் தவறுதான். அப்புறம் கம்ப்ரசர் மோட்டார் கிளம்பி ஓட உதவும் கெபாசிட்டரைக் கழற்றி மீட்டர் வைத்தார். மேலே அதன் திறன் 15 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 9 காட்டியது. சூட்டைத் தள்ள முடியாமல், கெபாசிட்டரும் பலமில்லாமல், கம்ப்ரசர் சூடேறி, அதைக் காக்கும் ஓவர்லோட் சுவிட்சால் கட் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த “டிக்” அதுதான். முதல் தடவை அந்த ஆள் மெஷினை அணைத்து வைத்திருந்த நேரத்தில் கம்ப்ரசர் ஆறியிருக்கிறது, அதனால் மறுபடி ஓடியிருக்கிறது. நான் அதைக் கேஸ் ஏற்றிய பலன் என்று நினைத்துவிட்டேன். உண்மையில் அளவுக்கு மேல் ஏற்றிய கேஸ் அழுத்தத்தைக் கூட்டி நிலைமையை இன்னும் கெடுத்திருக்கிறது. சிலிண்டரில் என்ன இருந்ததென்று தெரியாததால் அத்தனையையும் வெளியே எடுத்து, லீக் இல்லை என்று நைட்ரஜன் ஏற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றி, வேக்கம் போட்டு, கேஸை எடைபோட்டு ஏற்றினார். கம்ப்ரசருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதே கம்ப்ரசர்தான் இன்றும் ஓடுகிறது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் என்னை நடுங்க வைத்தது. என்னுடைய ஃப்ரிட்ஜில் இருப்பது ஆர் 134ஏ என்ற கேஸ், தீப்பிடிக்காது. ஆனால் இப்போது வரும் பல கடை ஃப்ரிட்ஜ்களில் ஆர் 290 இருக்கிறது, அது புரொப்பேன், எளிதில் தீப்பிடிக்கும். நேம் பிளேட்டைப் பார்க்காமல் நெருப்பு டார்ச்சைப் பற்றவைத்துக் குழாயை ஒட்டுகிற ஒருவரிடம் அப்படி ஒரு மெஷின் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தயவுசெய்து, மெஷின் நன்றாக ஓடும்போதே ஆளைத் தேடி வையுங்கள். நின்ற பிறகு தேடினால் என்னைப் போலத்தான் மாட்டிக்கொள்வீர்கள். கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் மெஷின் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணுக்கு நேரடியாக அழையுங்கள். நான் தாமதமாக அழைத்தேன், அந்த “அங்கீகரிக்கப்பட்ட” ஆளை அவர்களுக்கு யாரென்றே தெரியவில்லை. வருகிறவர் அளந்து பார்த்து, அளவை உங்களுக்குக் காட்டுவதற்கு முன் கேஸ் குழாயில் கைவைக்க விடாதீர்கள். பெரிய பாகம் மாற்ற வேண்டும் என்றால் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், ஒரு விசிட் சார்ஜ்தானே. அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தால் முகவரி, பாகத்தின் பெயர், தேதி எல்லாம் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள்.

என் அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. முகவரி இல்லாத அந்த பில்லையும் பணம் அனுப்பிய ரசீதையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த விளம்பரம் இன்றைக்கும் முதலில்தான் வருகிறது.