வந்தவாசிப் போர்க்களத்திற்கு வாடகை வேன்: எங்கள் மதிப்பீடு

1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலேயப் படை லாலியின் பிரெஞ்சுப் படையை வென்ற வந்தவாசிக்குக் குடும்பத்துடன் செல்ல, புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தின் வேனை வார இறுதிக்கு அமர்த்தினோம். திண்டிவனம் வழிப் பாதையை விளக்கி, வெயில் ஏறுமுன் கோட்டையைப் பார்த்துவிடலாம் என்று விடியற்காலையிலேயே புறப்படச் சொன்ன ஓட்டுநரின் அக்கறை பெரிதும் பாராட்டத்தக்கது. பின்னிருக்கைகளுக்குக் குளிர்காற்று எட்டவில்லை. முதியோர் உடன் வந்தால் இது பெருங்குறை. கோட்டை சிதைந்தே கிடக்கிறது. ஆயினும் இத்தோல்விக்குப் பின் ஓராண்டுக்குள், 1761 ஜனவரியில், நம் புதுச்சேரியே ஆங்கிலேயரிடம் சரணடைந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க அதைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன். காத்திருப்புக் கட்டணத்தையும் ஓட்டுநர் படியையும் முன்பதிவின்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.